கேப்டன் சுகன்யாவும் நாற்பத்தொரு பக்கமும்

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். வடமதுரை ஆண்டிச்சாமி மகள் சுகன்யா இதுவரை வானத்தில் கழித்த நேரம் இது. அதில் இரண்டாயிரத்து நூற்றெண்பது மணி நேரம் கேப்டனாக, விமானத்தின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியது. வயது முப்பத்தாறு. வெளிநாட்டு விமானக் கம்பெனி கேட்டது அந்த இரண்டாவது எண்ணைத்தான். கேப்டனாக இரண்டாயிரம் மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். அவள் ஓட்டியிருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம் அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்தது. மூன்று வருடக் காண்ட்ராக்ட். ஆறு வாரம் அங்கே வேலை, இரண்டு வாரம் வீட்டில். சம்பளம் டாலரில், இப்போது வாங்குவதைப் போல் இரண்டரை மடங்கு. பதினான்கு நாளில் கையெழுத்திட்டு அனுப்பிவிட வேண்டும்.

இதை அவள் இரண்டு பேரிடம்தான் சொன்னாள். திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன் சந்தோஷ்குமாரிடம் சொன்னாள். அவன் வாயைத் திறக்கவில்லை. வடமதுரையில் இருக்கும் அம்மா கருப்பம்மாளிடம் சொன்னாள், அவள் திறந்துவிட்டாள்.

ரகசியமாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. நம் நாட்டில் ஒரு கேப்டன் வேலையை விட்டுப் போவதென்றால் ஓராண்டுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஓராண்டும் அதே கம்பெனியில், அதே ஆட்களோடுதான் ஓட்டியாக வேண்டும். போகப்போகிறாள் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து மேலே இருப்பவர்களின் பார்வை மாறிவிடும். நல்ல வாய்ப்பெல்லாம் தங்கப்போகிறவர்களுக்குத்தான். அதனால் முடிவெடுக்கும் வரை மூச்சுவிடக் கூடாது என்று நினைத்திருந்தாள். முடிவை விடுமுறை நாட்களில், வீட்டில் உட்கார்ந்து, நாற்பத்தொரு பக்கத்தையும் படித்துவிட்டு எடுப்பதாகத் திட்டம்.

பதினோராம் நாள் காலை. சென்னையிலிருந்து திருச்சி வரை விமானம், அங்கிருந்து பஸ். ஐந்து நாள் லீவு. ஜன்னலோர சீட்டில் பாதித் தூக்கத்தில் வந்தவள் வடமதுரையில் பஸ் நின்றதும் கண்ணைத் திறந்தாள். எதிரே அவளே நின்றாள், பன்னிரண்டு அடி உயரத்தில்.

'விண்ணை அளந்த வடமதுரை வீரமங்கையே! வெளிநாட்டு விமானத்தின் கேப்டனாகப் பொறுப்பேற்கும் எங்கள் குடும்ப விளக்கே! வாழ்த்தி வணங்கும்...' என்று தொடங்கிய ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் சீருடையில் அவள். அது இப்போதைய கம்பெனியின் சீருடை. அவள் தலைக்கு மேலே புதுக் கம்பெனியின் பெயர், எழுத்துப் பிழையோடு. பின்னால் ஒரு பெரிய விமானம், நான்கு இன்ஜினோடு. அவள் ஓட்டுவது இரண்டு இன்ஜின் விமானம். கீழே தபால்தலை அளவில் இருபத்தேழு சொந்தக்காரர்களின் முகங்கள். கூலிங் கிளாஸோடு சிலர், கைகூப்பியபடி சிலர். வலது மூலையில் எல்லோரையும்விடப் பெரிதாக அவளுடைய தம்பி பாண்டி, காதில் செல்போனோடு.

"ஏம்மா, திண்டுக்கல் டிக்கெட்டுல்ல எடுத்திருக்க?" என்று கண்டக்டர் கேட்டு முடிப்பதற்குள் பெட்டியோடு இறங்கிவிட்டாள்.

இந்தப் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், பெண் சடங்கானாலும் பேனர், பிளஸ் டூ பாஸானாலும் பேனர். காரியம் நடந்த பிறகு வைப்பது ஒரு ரகம். காரியம் நடக்கும் முன்பே முந்திக்கொண்டு வைப்பது இன்னொரு ரகம்; அதற்குத்தான் மதிப்பு அதிகம். பாண்டி எப்போதும் முந்துகிறவன்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் அவனுடைய ரீவைண்டிங் கடை பேனருக்கு நேர் எதிரில். பெட்டியைக் கடை வாசலில் மோதி நிறுத்தினாள்.

"வாக்கா, வா! பாத்தியா? எப்புடி இருக்கு?"

"யாரைக் கேட்டு வச்ச?"

"யாரைக் கேக்கணும்? எங்கக்காவுக்கு நான் வைக்கிறேன்."

"நான் இன்னும் கையெழுத்தே போடலையேடா."

"போடத்தான போற? அம்மா சொல்லுச்சு, பதினாலு நாளு டயம்னு. இன்னைக்குப் பதினொண்ணு. நேத்துக் காலையில வச்சேன். நாலு நாளு முந்துனா என்ன, குடியா முழுகிப்போச்சு?"

"முழுகிப்போச்சுடா. எறக்கு அதை."

"ரெண்டு நாளு இருக்கட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை கட்சிக்காரங்க வீட்டுக் கல்யாணம். அம்புட்டுப் பேரும் இந்த வழியாத்தான் வருவாக."

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பையில் போன் அடித்தது. சென்னை அலுவலகம். விமானிகளுக்குப் பொறுப்பாளரான கேப்டன் ஞானராஜ். லீவு நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"வாழ்த்துகள் சுகன்யா" என்றார். குரலில் வாழ்த்து இல்லை. "பைலட்டுங்க குரூப்ல உங்க படம் ஓடிக்கிட்டிருக்கு. நல்லா பிரம்மாண்டமா வச்சிருக்காங்க."

"சார், அது என் தம்பி தெரியாம வச்சது. நான் இன்னும் எதுலயும் கையெழுத்துப் போடல."

"போடலன்னா சந்தோஷம். ஆனா அக்டோபர் டிரெய்னிங்குக்கு லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயிடுச்சு. உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

மற்ற கேப்டன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி கேப்டனாவதற்கான வகுப்பு அது. இரண்டு வருடமாகக் காத்திருந்து, தேர்வெழுதி, இந்த முறைதான் பெயர் வந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"என்னத்தக் கேக்குறது? பன்னெண்டடிக்கு எழுதிப் போட்டிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஒரு பேனரைப் பார்த்துவிட்டு ஒரு கேப்டனின் பெயரை அடித்துவிட்டார்கள். பதினோரு வருடம் ஒரு புகார் இல்லாமல் ஓட்டியவளுக்குப் போன் செய்து 'உண்மையா?' என்று கேட்க அவர்களுக்கு அரை நிமிடம் இருக்கவில்லை. சுகன்யாவுக்கு யார்மேல் முதலில் கத்துவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் பாண்டி.

"ஏணி எங்கடா?"

"எதுக்கு?"

கடைக்குள் சுவரில் சாய்த்திருந்த அலுமினிய ஏணியை அவளே இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பேனருக்கு அடியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாளிடம் அரிவாளைக் கேட்டாள்.

"ஏத்தா, ஏரோப்ளேன் ஓட்டுற புள்ள, இதுக்குப் போயி ஏணி வைக்கிற?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் அரிவாளைத் துடைத்து நீட்டினாள். "பாத்து வெட்டு. கட்டுக்கம்பி கையக் கிழிச்சிரும்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஏணியில் ஏறி அவள் வெட்டிய முதல் கயிறு அறுந்ததும் பேனர் பாதி மடிந்து தொங்கியது. இரண்டாவது கயிறும் அறுந்ததும் மொத்தமும் சரிந்து, இளநீர்க் குலைகளின் மேல் விழுந்தது. கூலிங் கிளாஸ்காரர்கள் எல்லாம் குப்புறக் கிடந்தார்கள்.

டீக்கடையிலிருந்து பெரியப்பா சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். இரண்டாவது வரிசையில் மூன்றாவது முகம் அவருடையது.

"என்ன புள்ள இது? பெரிய மனுசன் மூஞ்சியத் தெருவுல போட்டு மிதிக்கிற?"

"நான் மிதிக்கல பெரியப்பா. எறக்குனேன்."

"வச்ச பேனரை மூணா நாளுக்கு முன்னாடி எறக்குனா காரியம் கெட்டுப்போச்சுன்னு ஊரு பேசும். தெரியுமா ஒனக்கு?"

"பேசட்டும். கெட்டுத்தான போச்சு."

பாண்டி ரோட்டின் நடுவில் நின்றான். அவன் முகம் கறுத்திருந்தது.

"இம்புட்டுப் பேருக்கு முன்னாடி என்னய அசிங்கப்படுத்திட்டேல்ல? ஒன்னயப் பைலட்டுக்குப் படிக்க வைக்க ரெண்டு ஏக்கர் தோட்டத்தை வித்தமே, அதுல எம் பங்கு ஒரு ஏக்கரு. நான் பத்தாவதோட மோட்டார் கட்ட வந்துட்டேன். ஒரு நாளாச்சும் கேட்டிருப்பனா? ஒரு பேனரு வைக்க எனக்கு உரிமை இல்லையா?"

அரிவாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

கருப்பம்மாளுக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. சோறும் வெஞ்சனமும் எடுத்து வைத்துவிட்டு, தட்டின் முன்னால் உட்காரச் சொல்லாமலேயே தொடங்கினாள்.

"தம்பி ஆசையா வச்சதை அறுத்துட்டு வந்திருக்க."

"உன்கிட்ட நான் என்ன சொன்னேன்மா? யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒந் தம்பிகிட்டச் சொல்றது யார்கிட்டயோ சொல்றதா?"

"ஒரு படிப்பு போச்சு. ரெண்டு வருஷம் காத்திருந்தது."

"அதான் வெளிநாடு போறியே? அப்புறம் இங்க படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? போனதைப் பேசாத. கையெழுத்தப் போட்டு அனுப்பு."

கருப்பம்மாள் வடமதுரைப் பக்கத்து நூற்பாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். மில் வாசலில் மில்லின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறி இறங்கினாள். ஆனால் காகிதத்தில், ஆள் பிடித்துவிட்ட காண்ட்ராக்டரின் ஆளாகத்தான் இருந்தாள். சுவாசக் கோளாறு வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட வருடம் பி.எஃப். பணம் கேட்டுப் போனபோது, "நீ எங்க ஆளே இல்லம்மா, காண்ட்ராக்டரைக் கேளு" என்றது மில். காண்ட்ராக்டர் அதற்குள் வேறு பெயரில் வேறு ஊரில் இருந்தான். அம்மாவோடு அந்த கேட்டுக்கு ஏழெட்டு முறை நடந்தவள் சுகன்யா. அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

"காண்ட்ராக்ட்ல கிடந்து நீ பட்டது போதாதா? என்னயும் போங்குற?"

கருப்பம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு அப்ப ஒரு நாளைக்கு எம்பது ரூவா கூலி. ஒனக்கு ஒரு நாளைக்கு அது எத்தன மடங்கு? ரெண்டும் ஒண்ணா? எனக்கு மட்டும் அப்புடி ஒருத்தன் டாலர்ல குடுத்திருந்தா காண்ட்ராக்டரைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்டி."

சுகன்யா சாப்பிடாமல் கிளம்பினாள்.

திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. பேகம்பூர்ப் பக்கத்து மருந்துக்கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு சந்தோஷ்குமார் வீட்டுக்கு வந்திருந்தான். ஏழு வயது ஹரிணி டியூஷனுக்குப் போயிருந்தாள். சுகன்யா காகிதங்களை மேசையில் பரப்பினாள். முந்தின வாரமே அவன் அதை அச்செடுத்து வைத்திருந்தான். ஒரு இடத்திலும் கோடு போடவில்லை.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"என்ன தோணுச்சு?"

"ஒனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் சுகன்யா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காலையிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்தது இங்கேதான் உடைந்தது.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்னா எப்புடி? ஊருல இருக்க இருபத்தேழு பேரு எனக்காக முடிவெடுத்துட்டான். ஆபீஸ்ல எடுத்துட்டான். எங்கம்மா எடுத்துட்டா. ஒன்பது வருஷமாக் கூட வாழ்ற மனுசன் மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க. நாளைக்குத் தப்பாப் போனா 'நீதான முடிவெடுத்த'ன்னு சொல்லவா?"

சந்தோஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ போகக்கூடாதுன்னுதான் எனக்கு இருக்கு. அதைச் சொன்னா, பொண்டாட்டி வெளிநாடு போறதைத் தடுத்தவன்னு ஆகிரும். அதான் சொல்லல. இப்பச் சொல்லிட்டேன். போதுமா?"

"போதும்" என்றாள். கோபம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

இரண்டு பேரும் முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் சுகன்யா நிறுத்தினாள். ஒப்பந்தத்தில் அவளுக்கு எதிர்த்தரப்பாகக் கையெழுத்திடப்போவது விமானக் கம்பெனி இல்லை. ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி. ஏதோ ஒரு தீவில் பதிவான பெயர். விமானக் கம்பெனிக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை என்று தனியாக ஒரு பத்தியே இருந்தது.

பதினேழாம் பக்கம்: வேலையில் சேரும் நாள் வரை, காரணம் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் இந்த வாய்ப்பை ஏஜென்சி திரும்பப் பெறலாம்.

"இதை இன்னொரு தடவ படிங்க" என்றாள். அவன் படித்தான். அவள் இன்றைக்கு எழுதிக் கொடுத்தால் ஓராண்டு கழித்துத்தான் இங்கிருந்து விடுவிப்பார்கள். அந்த முன்னூற்று அறுபத்தைந்தாம் நாள் காலையில்கூட அவர்கள் 'வேண்டாம்' என்று ஒரு வரி அனுப்பிவிடலாம். அப்போது அவளுக்கு அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் இல்லை.

இருபத்தாறாம் பக்கம்: எந்தக் காரணத்தாலும் உடல்தகுதிச் சான்று நாற்பத்தைந்து நாளுக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்டால் ஒப்பந்தம் தானாகவே முடியும், புது விமானத்துக்குப் பயிற்சி கொடுத்த செலவையும் அவளே கட்ட வேண்டும்.

"எந்தக் காரணத்தாலும்னா?" என்றான் சந்தோஷ்குமார்.

"கால் ஒடஞ்சாலும். புள்ள உண்டானாலும்."

ஹரிணி வயிற்றில் இருந்தபோது அவளைப் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்தார்கள். சட்டமே அப்படித்தான். ஆனால் வேலை இருந்தது. மேசை வேலை பார்த்தாள், பிறகு பிள்ளைப்பேறு விடுப்பு, பிறகு மீண்டும் விமானம். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏஜென்சி ஆள் விக்னேஷ்குமார் கூப்பிட்டான். கோயம்புத்தூர்க்காரன். துபாயிலிருந்து பேசுகிறான். குரலில் எப்போதும் வெல்லம்.

"மேடம், வணக்கங்க. பேனர் பார்த்தனுங்க! நம்ம ஆபீஸ் குரூப்லயே வந்திருச்சுங்க. வூட்ல அம்புட்டு சந்தோஷமுங்களா? அப்ப இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

"பதினேழாம் பக்கத்தை மாத்தணும்."

"அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதானுங்க."

"நான் ஒரு வருஷம் முன்னாடி எழுதிக் கொடுத்துட்டு உக்காந்திருக்கணும். நீங்க ஒரு நாள் முன்னாடி வேண்டாம்னு சொல்லலாம். அப்படித்தான?"

"அப்படி யாரையும் விட்டதில்லீங்க மேடம்."

"அப்ப அதையே எழுதிக் கொடுங்க. விட மாட்டோம்னு ஒரு வரி."

அவன் சிரித்தான். "எழுத்துல வர்றது கஷ்டமுங்க. எம் வார்த்தைய நம்புங்க."

"இருபத்தாறாம் பக்கத்துல பிள்ளைப்பேறுக்கு மட்டும் விலக்கு குடுத்திருங்க."

"அதுவும் முடியாதுங்களே. ஆம்பளை, பொம்பளைன்னு வித்தியாசமே பாக்க மாட்டாங்க, பாருங்க. அவ்வளவு சமத்துவம்."

சந்தோஷ்குமார் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுகன்யா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"விக்னேஷ், நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் அந்த ஊரு விமானத்தை, அந்த ஊரு சீருடையைப் போட்டுக்கிட்டு ஓட்டுறேன். ஒரு நாள் ஏதாவது ஆகிப்போகுது. அந்தக் கம்பெனி வாசலுக்கு எங்க வீட்டுக்காரர் போய் நின்னா, 'அவங்க எங்க ஆளே இல்ல'ன்னு சொல்லலாமா, கூடாதா?"

"டெக்னிக்கலாப் பார்த்தா... சொல்லலாமுங்க."

"அந்த வாசல்ல நான் ஏற்கெனவே நின்னு முடிச்சிட்டேன்" என்றாள். அவனுக்குப் புரிந்திருக்காது. புரிய வைக்கும் பொறுமையும் அவளுக்கு இல்லை.

"மேடம், செத்த யோசிங்க. நாளன்னைக்கு வரைக்கும் டயம் இருக்குதுங்க. பேனரெல்லாம் வெச்சுட்டு இப்பப் போகலைன்னா ஊருல என்ன சொல்லுவாங்க?"

"அது என் ஊரு. நான் பாத்துக்கிறேன். நீங்க வைங்க."

அவனே வைக்கட்டும் என்று காத்திருக்காமல் அவளே வைத்தாள். ஏஜென்சிக்கு ஒரு வரி மின்னஞ்சல் எழுதினாள்: கையெழுத்திடவில்லை. ஞானராஜுக்கு அரைப் பக்கம் எழுதினாள். தான் எங்கும் போகவில்லை, யாரையும் கேட்காமல் பெயரை எடுத்தது தவறு, எடுத்தவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று. 'தயவுசெய்து' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டு, இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

மதியம் பாண்டியைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தான்.

"போகலைடா" என்றாள்.

பின்னால் மோட்டார் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைத்தான்.

"அப்ப இம்புட்டும் எதுக்கு? தோட்டம் போனது போனதுதான்?"

"போனதுதான். எம் பேரு உன்கிட்ட அடமானத்துல இல்ல பாண்டி. ஒரு ஏக்கர் உன் பங்குன்னா அதைப் பத்தி உக்காந்து பேசுவோம். வாரேன். ஆனா என்னயக் கேக்காம எம் மூஞ்சிய எங்கயும் ஒட்டாத."

"பெரியப்பா ஒன்னய வீட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அவரையும் எங்கிட்ட நேர்ல பேசச் சொல்லு."

பாண்டி மோட்டாரைத் திரும்பப் போட்டுவிட்டு போனை வைத்துவிட்டான்.

மாலையில் ஞானராஜிடமிருந்து பதில் வந்தது, இரண்டு வரி. கடிதம் கிடைத்தது, அக்டோபர் பட்டியலில் மாற்றம் இல்லை, அடுத்த வகுப்பு மார்ச்சில், அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காரணம் எழுதவில்லை. அவள் அதை அச்செடுத்து, காரணம் கேட்டு இரண்டாவது கடிதத்தை எழுத ஆரம்பித்தாள்.

லீவு முடிந்து, வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குச் சென்னையிலிருந்து கௌஹாத்தி செல்லும் விமானத்தை கேப்டன் சுகன்யா ஓட்டுகிறாள்.